ஊட்டியில் வாங்கிய கள்ளி சென்னை மாடியில் நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் மலையேறினால் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி. சென்னையில் செம்மொழிப் பூங்காவில் போட்டாலும் அதே கூட்டம். உள்ளே ரோஜாவையும் டேலியாவையும் படம் பிடித்துத் தள்ளுகிறவர்கள், வெளியே வரும்போது பெரும்பாலும் ஒரு சின்னத் தொட்டிக் கள்ளியோடுதான் வருகிறார்கள். வாங்குவதற்கு முன்னும், வாங்கி இரண்டு மாதம் கழித்துச் செடி சோர்ந்தபின்னும் அவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கண்காட்சிக்குள் நுழைந்ததும் எதை முதலில் பார்க்க வேண்டும்?

விற்பனைக் கடைகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் போட்டிக்கோ காட்சிக்கோ வைத்திருக்கும் மேசைக்குப் போங்கள். கடையில் இருப்பவை ஆறு மாதமோ ஒரு வருடமோ வளர்ந்த குட்டிகள். மேசையில் இருப்பது ஒருவர் பத்து, இருபது வருடம் காப்பாற்றி வளர்த்த செடி. அந்தக் குட்டி முதிர்ந்தால் எப்படி இருக்கும் என்பது மேசையைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். உள்ளங்கை அளவில் விற்கப்படும் தங்கப் பீப்பாய்க் கள்ளி ஒருநாள் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத உருண்டையாகும். அதற்கு மாடியில் இடம் இருக்கிறதா என்று அங்கேயே யோசித்துக்கொள்ளலாம்.

பரிசு எதற்குக் கொடுக்கிறார்கள்? அரிய வகைக்கா?

அரிது என்பதற்கு ஓரளவு மதிப்பு உண்டு, ஆனால் முதலில் பார்ப்பது செடியின் உடல்நிலையை. முள் ஒடியாமல் இருக்கிறதா, வடிவம் ஒரு பக்கம் சாயாமல் சீராக இருக்கிறதா, அடிப்பகுதி பழுப்பேறியிருக்கிறதா, மாவுப்பூச்சி ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வயது, வளர்ப்பதில் உள்ள சிரமம், செடிக்குப் பொருத்தமான தொட்டி, மேல்மண்ணில் பரப்பிய கல், பிழையில்லாத பெயர்ச்சீட்டு எல்லாம் கணக்கில் வரும். எளிதில் கிடைக்கிற மாமில்லேரியா என்ற கள்ளி ஒன்று இருபது வருடம் ஒரு வடு இல்லாமல் வளர்ந்து நின்றால், போன வருடம் இறக்குமதியான அபூர்வச் செடியை அது தோற்கடித்துவிடும். தோற்கடிக்கவும் வேண்டும், பணம் கொடுத்தால் அபூர்வம் கிடைத்துவிடும், இருபது வருடம் கிடைக்காது.

இலைமேல் படிந்திருக்கும் வெண்பொடியைக் கவனியுங்கள். இலைகள் ரோஜாப்பூபோல அடுக்கிய எச்சவேரியா போன்றவை வெயிலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே சுரக்கும் மெழுகு அது. விரல் பட்ட இலையில் அது மீண்டும் வராது. மேசையில் விரல்ரேகை இல்லாத எச்சவேரியாவைப் பார்த்தால், வளர்த்தவரின் பொறுமையை அதிலேயே அளந்துவிடலாம்.

உங்களுக்குப் பிடித்தவை எவை?

முதலிடம் ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ். டெக்சாஸின் தென்கோடியிலும் அதையொட்டிய மெக்சிகோவிலும் வளர்வது. முள்ளே கிடையாது. தட்டையான உருண்டை, பெரும்பாலும் எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பளிப் பொட்டு வரிசை, மேலே வெண்புள்ளிகள். பூ மஞ்சள், தொண்டை சிவப்பு. ஜப்பானியர்கள் இதைக் 'கபூட்டோ' என்று அழைத்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, புள்ளிகள் திட்டுத் திட்டாகப் பெருகிய 'சூப்பர் கபூட்டோ'வை உருவாக்கியிருக்கிறார்கள். மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் கூட்டம் சூப்பர் கபூட்டோ பக்கம்தான் சாயும். எனக்கென்னவோ பழைய எளிய வடிவம்தான் அழகு.

அடுத்து யூஃபோர்பியா ஒபீசா. இது கள்ளிதான், ஆனால் காக்டஸ் இல்லை (அந்தக் குழப்பத்துக்குக் கீழே வருகிறேன்). தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தைச் சேர்ந்தது. பந்து வடிவ உடலின்மேல் கட்டம் போட்ட துணிபோலக் கோடுகள் ஓடும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதை வேண்டுமானால் இரண்டும் வேண்டும். விவரம் அறிந்த வளர்ப்பாளர் ஜோடியாகவே மேசைக்குக் கொண்டுவருவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சேகரிப்பவர்கள் இதைக் காட்டில் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டார்கள். இன்று கடைகளில் கிடைப்பது விதையிலிருந்து வளர்த்தவை என்பது ஆறுதல்.

மாமில்லேரியா ப்ளுமோசாவையும் விட மனம் வராது. முட்கள் இறகாக மாறி, செடி முழுக்க வெண்பஞ்சு மூடியிருக்கும். வடகிழக்கு மெக்சிகோவின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வளர்வது. தலையில் தண்ணீர் ஊற்றினால் பஞ்சு அழுக்காகும், ஈரம் தங்கினால் அழுகும். எந்த மாமில்லேரியாவாக இருந்தாலும் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு விளையாட்டு விளையாடலாம். மேலிருந்து பார்த்து, முட்குவியல்கள் சுழல்கிற வரிசைகளை ஒரு திசையில் எண்ணச் சொல்லுங்கள், பிறகு எதிர்த்திசையில். பெரும்பாலும் 8, 13, 21 போன்ற ஃபிபனாச்சி எண்களே கிடைக்கும்.

மெலோகாக்டஸ் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கென்றே படைத்ததுபோல இருக்கும் செடி. கரீபியத் தீவுகள், பிரேசில் பக்கம் உள்ளது. இளமையில் சாதாரணப் பச்சை உருண்டை. முதிர்ந்ததும் உச்சியில் கம்பளியும் செம்முடியும் சேர்ந்த ஒரு தொப்பி எழும்பும். தொப்பி தொடங்கிவிட்டால் உடல் வளர்ச்சி நின்றுபோய், அதன்பின் தொப்பி மட்டுமே உயரும். அதிலிருந்து சின்ன இளஞ்சிவப்புப் பூக்கள், பிறகு மிளகாய் வடிவப் பழங்கள் பிதுங்கி வரும். கரீபியனில் உள்ள டர்க்ஸ் அண்ட் கைக்கோஸ் தீவுகளின் பெயரில் உள்ள 'டர்க்ஸ்', துருக்கியர் தொப்பியை ஒத்த இந்தத் தொப்பியால் வந்தது என்பார்கள். அந்தத் தீவுகளின் கொடியிலும் இந்தக் கள்ளி இருக்கிறது.

எல்லாக் கள்ளியும் ஒரே குடும்பம் இல்லையா?

இல்லை. நம் கிராமத்து வேலியில் நிற்கிற சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் யூஃபோர்பியா குடும்பம். ஒடித்தால் பால் வரும். சப்பாத்திக்கள்ளி காக்டஸ் குடும்பம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பால் வராது. பால் பார்ப்பதற்காகக் கண்காட்சிச் செடியைக் கீற முடியாது என்பதால் முள்ளின் அடியைப் பாருங்கள். காக்டஸில் முள் ஒவ்வொன்றும் சின்னப் பஞ்சுப் பொட்டு போன்ற மெத்தையிலிருந்து கிளம்பும். பூவும் கிளையும்கூட அங்கிருந்தே வரும். யூஃபோர்பியாவில் அந்த மெத்தை கிடையாது.

காக்டஸ் குடும்பம் முழுக்க அமெரிக்காவுக்குச் சொந்தம், ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர. ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற தொங்கு கள்ளி ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையின் காடுகளிலும் மரங்களில் இயற்கையாகத் தொங்குகிறது. பறவைகள் கொண்டுவந்தனவா என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.

சதைப்பற்றுச் செடி என்பது இன்னும் விரிந்த வட்டம். தண்டிலோ இலையிலோ வேரிலோ நீரைச் சேமிக்கும் எதுவும் அதில் சேரும். சோற்றுக்கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி எல்லாம் அந்த வகைதான்.

ஊட்டியில் பூப்போல இருந்த எச்சவேரியா, சென்னைக்கு வந்ததும் கலர் போய் அழுகிவிட்டதே, ஏன்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. எல்லாரும் தண்ணீரைக் குறை சொல்வார்கள், வெயிலைக் குறை சொல்வார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் இரவு.

சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே வாங்கும். பாலைவனத்தில் அப்படித் திறந்தால் உள்ளே இருக்கும் நீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் இந்தச் செடிகள் பகலில் கதவைச் சாத்திவிட்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும். விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேர்த்ததை வைத்து உணவு தயாரிக்கும். இந்த ஏற்பாடு சரியாக நடக்க இரவு குளிர வேண்டும். எச்சவேரியாக்கள் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைகளைச் சேர்ந்தவை. ஊட்டியில் மே மாத இரவு 11, 12 டிகிரிக்கு இறங்கும். சென்னையில் அதே மாதம் விடியற்காலையில்கூட 27, 28 டிகிரி. அந்தச் சூட்டில் செடி காற்றை வாங்குவதும் குறையும், சேர்த்துவைத்ததையும் தானே மூச்சுவிட்டுச் செலவழித்துவிடும். வளர்ச்சி நின்றுபோன செடிக்கு நாம் பாசத்தோடு தண்ணீர் ஊற்றுகிறோம். உறிஞ்ச ஆளில்லாத ஈரம் வேரில் தங்கி, பூஞ்சை பிடித்து, ஒரு நாள் செடி கையோடு வந்துவிடுகிறது.

கலர் போவதற்கும் இதே கதைதான். விளிம்பில் ஏறும் இளஞ்சிவப்பு, நல்ல வெளிச்சமும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் வருவது. சமவெளியில் டிசம்பர், ஜனவரியில் கொஞ்சம் தலைகாட்டும், அவ்வளவுதான்.

ஆகவே கண்காட்சியில் ஒரு செடி பிடித்துப்போனால் கடைக்காரரிடம் "எவ்வளவு வெயில் வேண்டும்" என்பதற்கு முன்னால் "எங்கே வளர்த்தீர்கள்" என்று கேளுங்கள். நம் நாட்டில் விற்பனைக்கு வரும் கள்ளிகளில் நிறைய, மேற்கு வங்கத்தின் காலிம்போங் மலை நர்சரிகளிலிருந்து வருபவை. அங்கும் இரவு குளிர்தான். பெங்களூர், கோயம்புத்தூர்க்காரர்கள் ஓரளவு தப்பிக்கலாம். சென்னை, மதுரை, திருச்சிக்காரர்கள் எச்சவேரியாவைப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவது நல்லது.

அப்படியானால் சமவெளிக்காரர்கள் எதைத்தான் வாங்குவது?

சூடான இரவுக்குப் பழகிய ஊர்களைச் சேர்ந்தவற்றை. மெலோகாக்டஸை ஏற்கெனவே சொன்னேன். அதன் உறவான பிரேசில் டிஸ்கோகாக்டஸ் இன்னொன்று. இரவில் ஒரே ஒரு நாள் மலர்ந்து மாடி முழுக்க மணக்கும்.

அடீனியம் நம் வெயிலுக்கு அசைந்துகொடுக்காது. விதையிலிருந்து வளர்ந்த செடிக்குத்தான் அடிப்பகுதி யானைக்கால் போலப் பருக்கும். குச்சி வைத்து வளர்த்ததில் அந்த உருவம் அமைவது கடினம். வாங்கும்போது மேல்மண்ணைக் கொஞ்சம் தள்ளி அடியைப் பாருங்கள். ஒரே கிளையில் அடுக்குப் பூ, அடியில் வேறு தண்டு என்றால் அது ஒட்டு. குறையல்ல, தெரிந்து வாங்கினால் போதும். அரளிக் குடும்பம் என்பதால் அரளியைத் தின்கிற பச்சைப் புழு இதையும் ஒரே இரவில் மொட்டையடிக்கும். சாறு நஞ்சு, வாயில் வைக்கக் கூடாது.

தாய்லாந்தில் பெரிய பூவுக்காக உருவாக்கிய யூஃபோர்பியா மிலி வகைகள், மருள் வகைகள், ஸ்டபீலியா, ஹுவெர்னியா எல்லாம் தாங்கும். ஸ்டபீலியாவின் நட்சத்திரப் பூ கண்ணுக்கு விருந்து, மூக்குக்குத் தண்டனை. அழுகிய இறைச்சி வாடையால் ஈக்களை அழைத்து மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் மட்டும் வைக்காதீர்கள். தங்கப் பீப்பாய்க் கள்ளியும் மழை படாமல் பார்த்துக்கொண்டால் நன்றாக வரும். மெக்சிகோவில் அதன் தாயகப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி 1990களில் சிமபான் அணையில் மூழ்கிப்போனது. உலகத் தோட்டங்களில் லட்சக்கணக்கில் இருக்கும் இந்தச் செடி, சொந்த ஊரில் அழியும் நிலையில் இருக்கிறது.

வெயில் வராத பால்கனி என்றால் வரிக்கோடு போட்ட ஹவொர்த்தியா, காஸ்டீரியா.

கூழாங்கல் மாதிரி இருக்கும் லித்தாப்ஸ்?

பார்த்து ரசியுங்கள். 1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற பயணி தென்னாப்பிரிக்காவில் தரையிலிருந்து விசித்திரமான கூழாங்கல் ஒன்றை எடுத்தபோதுதான் அது செடி என்று தெரிந்தது என்பது இதன் வரலாறு. ஒரு ஜோடி இலை, அதற்குள்ளிருந்து அடுத்த ஜோடி. பழைய ஜோடியின் நீரைக் குடித்தே புதியது வளரும். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் கெட்டது. சூடும் ஈரப்பதமும் சேர்ந்த ஊரில் இதைக் காப்பாற்றுவது அனுபவசாலிகளுக்கே சவால். முதல் செடியாக வேண்டவே வேண்டாம்.

பச்சைத் தண்டின்மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டை உட்கார்ந்திருக்கிறதே, அது இயற்கையா?

இரண்டு செடிகளை ஒட்டியது. மேலே இருப்பது ஜிம்னோகாலிசியம் வகையில் பச்சையமே இல்லாமல் பிறந்த ஒரு மாற்றம். 1940களின் தொடக்கத்தில் ஜப்பானில் முதலில் கண்டெடுத்தார்கள். பச்சையம் இல்லாததால் தனியாக உயிர்வாழ முடியாது. கீழே இருக்கும் முக்கோணத் தண்டு டிராகன் பழக் கொடி. உணவு தயாரித்துக் கொடுப்பது அதுதான். கொஞ்ச வருடங்களில் இரண்டில் ஒன்று தளர்ந்துவிடும். பக்கக் குட்டிகளை எடுத்துப் புதிய தண்டில் ஒட்டினால் தொடரலாம். மேல் உருண்டை செத்துப்போனாலும் கீழ்த்தண்டை எறியாதீர்கள்.

கள்ளி உச்சியில் காகிதம் போன்ற பூ, மாதக்கணக்கில் வாடவே இல்லை. எந்த வகை?

பசை வகை. உலர்ந்த காகிதப்பூவைச் சூடான பசையால் ஒட்டியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் அந்தக் காய்ந்த பூ மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும்; அதனால் உயிருள்ளது என்றே நம்பத் தோன்றும். உண்மையான காக்டஸ் பூ பெரும்பாலும் ஓரிரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வாடிவிடும். பசை வளர்முனையை மூடியிருந்தால் செடி கோணலாகும். பிய்க்க முயன்றால் காயம் படும், அடுத்த கடைக்குப் போவதே மேல். நீலம், ஊதா, பளபளப்பு நிறங்களில் இருப்பவை பெயின்ட் அடித்தவை. வெளிச்சம் உள்ளே போகாமல் செடி திணறும்.

நல்ல செடியை எப்படிப் பொறுக்குவது?

தொட்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். செடி தனியாக ஆடினால் வேர் இல்லை. முள் இடுக்கில் வெண்பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சியா என்று உற்றுப் பாருங்கள். அடித்தண்டில் விரல் வைத்தால் கொழகொழக்கக் கூடாது. உச்சி மட்டும் மெலிந்து நீண்டிருந்தால் இருட்டில் வளர்ந்தது. அந்த உருவம் இனிச் சரியாகாது. பெயர்ச்சீட்டு இருக்கும் கடையை நம்பலாம். 'காக்டஸ் மிக்ஸ்' என்று எழுதியிருக்கும் கடையில் பத்தில் பாதிக்கு விற்கிறவருக்கே பெயர் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்ய வேண்டும்?

நர்சரியில் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில் வைத்திருப்பார்கள். எடை குறைவு, வண்டியில் அனுப்பச் சுலபம். நம் மாடியில் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளேயே விடாது. ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு, நார்த்தூளை உதிர்த்து மாற்றி நடுங்கள். மூன்று பங்கு பருக்கைப் பொருளுக்கு ஒரு பங்கு மக்கிய உரம் போதும். செங்கல்லையோ ஓட்டையோ உடைத்துச் சலித்து, பருப்பு அளவுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம், தூளைக் கொட்டிவிடுங்கள். பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல் கிடைத்தால் இன்னும் நல்லது. சிமென்ட் வேலை நடந்த இடத்து மணல் வேண்டாம். நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள், அறுந்த வேர் ஆறட்டும்.

வெயிலுக்கும் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். நிழல்வலைக்கடியில் வளர்ந்த செடியை மே மாத மாடியில் நேராக வைத்தால், பக்கவாட்டில் வெளிறிய தழும்பு விழும். தழும்பு மாறாது.

தண்ணீருக்கு வாரக் கணக்கு எதுவும் இல்லை. மண் அடிவரை காய்ந்தபின் நனைய நனைய ஊற்றுங்கள், மறுபடி காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேலே ஒரு பிளாஸ்டிக் கூரை இல்லாவிட்டால் மற்ற கவனிப்பெல்லாம் வீண்.

வீட்டில் இரவில் பூக்கிற பிரம்ம கமலமும் கள்ளியா?

ஆம், எபிஃபில்லம் என்ற காக்டஸ். மெக்சிகோ, நடு அமெரிக்கக் காட்டு மரங்களில் தொற்றி வளர்வது, ஆகவே பாலைவன வெயில் ஆகாது. இலையாகத் தெரிவது தட்டையான தண்டு.

இணையத்தில் காட்டிலிருந்து எடுத்த பெரிய செடிகள் விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். கிட்டத்தட்ட முழுக் காக்டஸ் குடும்பமும், காட்டு உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது; ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ், ஏரியோகார்ப்பஸ் போன்றவை மிகக் கடுமையான முதல் பட்டியலில். 2020இல் இத்தாலியில் ஒரு வீட்டில் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து திருடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைப் பிடித்தார்கள், அவற்றில் கோப்பியாப்போவா என்ற வகை நிறைய. அடுத்த வருடம் எண்ணூற்றுச் சொச்சம் செடிகள் விமானத்தில் சிலிக்குத் திரும்பின. காட்டுச் செடியை அதன் முகத்திலேயே அடையாளம் காணலாம்: அடியில் மரப்பட்டைபோல முதிர்ச்சி, பழைய கடிபட்ட வடுக்கள், வெட்டிய தடித்த வேர். விதையிலிருந்து வளர்த்தது சுத்தமாக, சீராக இருக்கும்.

நம் ஊர்க் கள்ளிகளை ஏன் கண்காட்சி மேசையில் காணவில்லை?

எனக்கும் இது ஒரு மனக்குறை. வறண்ட கரட்டில் திருகித் திருகி எழும் யூஃபோர்பியா டார்ட்டிலிஸ் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக இருப்பது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வளர்க்கிறார்கள், நாம் வேலிக்கு வைக்கிறோம். கள்ளிமுளையானைத் துவையலரைக்கத் தெரிந்த அளவுக்கு, அதன் ஓரத்தில் மயிரிழை ஆடும் சின்னப் பூவை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஒரு மண் தொட்டியில் கல் பரப்பி வைத்தால் ஹுவெர்னியாவுக்குச் சளைக்காது.

சப்பாத்திக்கள்ளியின் கதையே தனி. செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்க, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி கள்ளித் தோட்டம் போட்டது. சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் ஒன்றை நடத்தினார். வந்து சேர்ந்தது தரமான சாயம் தராத வேறு பூச்சி. சாயத் திட்டம் படுத்துவிட்டது. சப்பாத்திக்கள்ளிகள் தென்னாட்டில் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கின. 1920களில் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கின. சாயத்துக்காகத் தேடிய பூச்சியின் உறவுக்காரப் பூச்சியே கடைசியில் களைக்கொல்லியாக வேலை செய்தது.

பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். முள் குத்திவிட்டால்?

பெரிய முள்ளைப் பிடுங்கிவிடலாம். தொல்லை, முள்ளே இல்லாததுபோல் தோன்றும் முயல்காதுக் கள்ளியில். அதன் மஞ்சள், வெள்ளைப் பொட்டுகளில் நூற்றுக்கணக்கான நுண்முட்கள், ஒவ்வொன்றிலும் கொக்கி. விரலால் தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். அகலமான ஒட்டுநாடாவை ஒட்டி உரியுங்கள், மீந்ததை நல்ல வெளிச்சத்தில் சாமணத்தால் எடுங்கள். யூஃபோர்பியாவின் பால் தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவியபடியே கண் மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள், காத்திருந்து பார்க்க வேண்டாம். எந்தச் செடி என்று மருத்துவர் கேட்பார், அதனால் பெயர்ச்சீட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.